நாட்டுக்கு 90 நாள் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுகுப்பையோடு ஐரோப்பாவைச் சுற்றி, அங்குள்ள பழைய நண்பர் வீட்டிலும் தங்கிவரச் சேலத்து இளைஞர்கள் பலர் கிளம்புகிறார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில், பலர் நினைப்பதுபோல் நாட்டுக்கு 90 நாள் கிடையாது. 29 நாடுகளுக்கும் சேர்த்து, எந்த 180 நாளிலும் 90தான் உச்சம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். விசாவில் அச்சிட்ட நாட்கள் இன்னும் குறைவாகவும் இருக்கலாம். அதைத்தான் நம்ப வேண்டும்.

நண்பர் எந்த நாட்டில் இருந்தாலும், அதிக நாள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பியுங்கள். அவர் வீட்டில் தங்குவதற்கு அழைப்புக் கடிதம் வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

அன்பாக மாம்பழமும் நெய்யும் பால்கோவாவும் கட்டிக் கொடுக்காதீர்கள், பெற்றோரே. பால் பொருட்கள் எல்லாமும், தாவர நலச் சான்று (நோய், பூச்சி இல்லை என்ற அரசுச் சான்று) இல்லாத மாம்பழமும் சுங்கத்தில் குப்பைக்குத்தான் போகும். வறுத்து அரைத்த ஏற்காடு காப்பித்தூளைத் தாராளமாகக் கொடுத்தனுப்பலாம்.

ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.