பேட்டரிக்காக போனையே மாத்தணுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

குளச்சல் பக்கத்துலருந்து எழுதுறேன். எங்கப்பா கடலுக்குப் போறவரு. போன மாசம் அவரு போன்ல பேட்டரி உப்பி பின்மூடி பிளந்து நின்னுச்சு, வாங்கி 3 வருஷம் கூட ஆகல. நாகர்கோவில்ல ஒரு சர்வீஸ் சென்டர்ல கொண்டு காட்டினா, பேட்டரிய பசை போட்டு ஒட்டியிருக்கு, எடுக்கும்போ டிஸ்ப்ளே போனா நாங்க பொறுப்பில்ல, கையெழுத்து போடுங்கன்னாங்க, அதுக்கு புதுசே வாங்கிரலாமேன்னு அட்வைஸ் வேற. அப்பா போன திருப்பி வாங்கிட்டு வந்துட்டாரு. அப்புறம் மார்த்தாண்டத்துல ஒரு சின்னக் கடைப் பையன்தான் பொறுமையா சூடு காட்டி எடுத்து வேற பேட்டரி போட்டுக் கொடுத்தான். ஆனா ஒரிஜினல் பேட்டரி இல்ல, எங்கள மாதிரி கடைக்கு கம்பெனி தராதுக்கான்னு சொன்னான்.

அப்பாவோட பழைய பட்டன் போன்ல நகத்தால மூடியக் கழட்டி பேட்டரி மாத்துவாரு. எனக்கு 2013ல ஸ்கூல்ல அரசாங்கம் தந்த லேப்டாப்பும் அப்படித்தான், பின்னாடி ரெண்டு ஸ்குரூ கழட்டி ரேம்னு சொல்ற மெமரியக் கூட்டி, ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு அதவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு தம்பி காலேஜ் முடிக்கிற வரைக்கும் ஓடுச்சு. இப்ப தங்கச்சிக்கு வாங்கினதுல ரேம கழட்ட முடியாம போர்டுலயே சால்டர் பண்ணி ஒட்டியிருக்கு, 8 ஜிபின்னா கடைசி வரைக்கும் 8தான்.

நெதர்லாந்துல ஃபேர்போன்னு ஒண்ணு இருக்கு, பேட்டரி கையால கழட்டலாம், ஸ்கிரீன் மாத்த ஒரு ஸ்குரூடிரைவர் போதும். ரொம்ப ஆசையா இருக்கு. ஆனா 2023ல ஃபேர்போன் 5 வந்தப்போ அங்கயே விலை 700 யூரோ, நம்ம காசுக்கு 60 ஆயிரத்துக்கு மேல. வலை, டீசல்னு செலவு பண்ற வீட்டுல அது நடக்குமா? அதனால தனியா ஒரு விலை கூடின போன் வேணும்னு நான் கேக்கல, நாம வாங்குற 10 ஆயிரம் 12 ஆயிரம் ரூபா போனயே ரிப்பேர் பண்ற மாதிரி செய்யணும். உப்புக்காத்துல சார்ஜிங் பின் சீக்கிரம் துருப்பிடிக்கிற கடற்கரை ஊருக்கு இது ஆடம்பரம் இல்ல.

ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன்லருந்து புது மாடல் போன்களுக்கு விற்பனை நிறுத்தினப்புறமும் 7 வருஷம் ஸ்பேர் கிடைக்கணும்னு விதி. இங்க மத்திய அரசு 2022 டிசம்பர்ல ரைட் டு ரிப்பேர், அதாவது ரிப்பேர் பண்ற உரிமைக்கான போர்ட்டல் தொடங்குச்சு, நல்ல விஷயம், ஆனா அதுல தகவல்தான் கிடைக்கும், பேட்டரி கிடைக்காது. ஒரிஜினல் ஸ்பேர மார்த்தாண்டம் பையனுக்கும் கம்பெனி விக்கணும்னு சட்டம் போடணும், போன் டப்பாவுல எம்ஆர்பி பக்கத்துலயே பேட்டரி விலையும் எத்தன வருஷம் அது கிடைக்கும்ங்கறதும் அச்சடிக்கணும். நம்ம எம்பி இத பார்லிமெண்ட்ல கேக்கணும்னு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குளச்சல்