ஃபோல்டரை எடுத்துவிட்டு என் பாட்டையெல்லாம் கலைத்துப் போட்டுவிட்டீர்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்களிடம் வாங்கிய மியூசிக் பிளேயர் பற்றி மூன்றாவது முறையாக எழுதுகிறேன். முதல் இரண்டு முறையும் "ரீசெட் செய்து பாருங்கள்" என்று பதில் வந்தது. செய்தேன், இரண்டு முறையும் செய்தேன், ஒன்றும் மாறவில்லை. அதனால் இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், தயவுசெய்து முழுசாகப் படிக்கிற ஒருவரிடம் இதைக் கொடுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிளேயரில் சத்தம் அருமை, பேட்டரியும் பரவாயில்லை. பிரச்சினை போன மாதம் நீங்கள் அனுப்பிய அப்டேட்டில் வந்தது. அதுவரை மெனுவில் 'ஃபோல்டர்' என்று ஒன்று இருந்தது, அப்டேட் போட்டதும் அது காணாமல் போய்விட்டது. இப்போது இருப்பதெல்லாம் டேட்டாபேஸ் மட்டும்: பாடகர், ஆல்பம், வகை, பாட்டு. இந்த நாலு வழியில்தான் உள்ளே போக முடியும். வாங்கின பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது, அதில் 'ஃபோல்டர் முறையிலும் கேட்கலாம்' என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள்.

என் கார்டில் ஆறாயிரத்துச் சொச்சம் பாட்டு. பதினைந்து வருஷமாக அடுக்கி வைத்தது. இசையமைப்பாளர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் வருஷம், அதற்குள் படம். கர்நாடக சங்கீதம் என்றால் ராகத்தின் பெயர். எங்கள் வீட்டில் யாரும் 'இந்தப் பாடகர் பாடிய ஆல்பம்' என்று தேடுவதில்லை. 'இளையராஜா பாட்டு வை' என்பார்கள், இல்லாவிட்டால் படத்தின் பெயரைச் சொல்வார்கள். தமிழ் சினிமாப் பாட்டு கேட்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள். உங்கள் மெனுவில் இசையமைப்பாளர் என்ற சொல்லே இல்லை.

டேக், அதாவது பாட்டு ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கிற விவரம், அதை வைத்துப் பாட்டைப் பிரிப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எம்பி3 ஃபைலில் ஐடி3 டேக் என்று ஒன்று இருக்கிறது, அதில் இசையமைப்பாளருக்குத் தனி இடம் (டிசிஓஎம்), பாடுகிறவருக்குத் தனி இடம் (டிபிஇ1). டிபிஇ2 என்ற இன்னொரு இடத்தை நிறைய மென்பொருள்கள் 'ஆல்பம் ஆர்டிஸ்ட்' (முழு ஆல்பத்துக்கும் உரியவர்) என்று எடுத்துக்கொள்கின்றன. ஒரு படத்தின் பாட்டெல்லாம் சிதறாமல் ஒன்றாக நிற்பது அதை வைத்துத்தான். நான் போன வருஷம் எம்பி3டேக் என்ற டேக் திருத்தும் மென்பொருளை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து இசையமைப்பாளர், ஆல்பம் ஆர்டிஸ்ட் இரண்டையும் ஒழுங்காக நிரப்பினேன். உங்கள் பிளேயர் இரண்டையும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, பாடகர் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆல்பத்தை உடைக்கிறது.

உடைக்கிறது என்றால் எப்படி? ஒரு படத்தில் ஆறு பாட்டு என்று வையுங்கள், ஒன்றை ஒருவர் தனியாகப் பாடியிருப்பார், இன்னொன்றை அவரும் வேறொருவரும் சேர்ந்து, மூன்றாவதை வேறு யாரோ. ஆல்பம் பட்டியலில் அந்தப் படம் ஐந்து முறை வரிசையாக நிற்கிறது. ஒன்றை அமுக்கினால் ஒரே ஒரு பாட்டு பாடிவிட்டு நின்றுவிடுகிறது. வெளியே வந்து அதே பெயரில் அடுத்ததை அமுக்க வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறபோது இதைச் செய்து பாருங்கள்.

என் அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு. ராத்திரி தூக்கம் வராவிட்டால் இந்தப் பிளேயரைத்தான் காதில் மாட்டிக்கொள்வார், போன் அவருக்குப் பிடிக்காது. கீழ் பட்டனை எத்தனை தடவை அமுக்கினால் எந்த ஃபோல்டர் வரும் என்பது அவருக்கு விரல் கணக்கு, திரையைப் பார்க்கவே மாட்டார். அப்டேட் போட்ட அன்று ராத்திரி என் அறைக் கதவைத் தட்டி, "ஏலே, இதுல இருந்த பாட்டெல்லாம் எங்கல போச்சு?" என்று கேட்டார். பாட்டு எங்கேயும் போகவில்லை அப்பா, எல்லாம் உள்ளேதான் இருக்கிறது என்று அவருக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

பாடகர் பட்டியல் இன்னும் மோசம். எஸ்.பி. பாலசுப்ரமணியம் அதில் பதினொரு பேராக இருக்கிறார். புள்ளி வைத்து ஒருவர், புள்ளி இல்லாமல் ஒருவர், எழுத்துக்கு நடுவே இடம் விட்டு ஒருவர், அப்புறம் ஜோடிப் பாட்டுக்கு ஜோடிப் பாட்டு ஒருவர். சரி, எழுத்து வித்தியாசம் என் தப்பு, பல இடத்தில் இருந்து சேர்த்த பாட்டு, ஒப்புக்கொள்கிறேன். ஜோடிப் பாட்டு என் தப்பு இல்லையே? இரண்டு பெயர் இருந்தால் இரண்டு பேருக்குக் கீழும் காட்ட வேண்டும், 'இவரும் அவரும்' என்று மூன்றாவதாக ஒரு ஆளை உண்டாக்கக் கூடாது.

தமிழில் டேக் போட்ட பாட்டுகள் தனிக் கதை. 'மோகனம்' என்று எழுதியிருந்தால், ம-வுக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்குகிறது. சிலதில் அதுவும் இல்லை, வெறும் கேள்விக்குறி. உங்கள் ஆள் ஒருவர் "டேக்கை ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்களேன்" என்று எழுதியிருந்தார். ஆறாயிரம் பாட்டுக்கா? அதுவும் சங்கராபரணத்தை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியுமா?

இன்னொன்று, தம்பியின் மேக் கம்ப்யூட்டரில் இருந்து பாட்டு ஏற்றினால் புள்ளியும் அடிக்கோடுமாகப் பெயர் தொடங்கும் குட்டிக் குட்டி மறைவு ஃபைல்கள் கூடவே வருகின்றன. அதில் பாட்டே கிடையாது. அதையும் உங்கள் டேட்டாபேஸ் பாட்டு என்று சேர்த்துக்கொண்டு, அது வரும்போது அப்படியே உறைந்துபோகிறது.

இதெல்லாம் முடியாத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். ராக்பாக்ஸ் என்று ஒரு ஃபர்ம்வேர் (பிளேயரை உள்ளே இருந்து இயக்கும் மென்பொருள்) இருக்கிறது, 2001-இல் இருந்து ஆர்வலர்கள் சும்மா எழுதிக் கொடுப்பது. அதன் மெனுவில் ஃபைல்களும் உண்டு, டேட்டாபேஸும் உண்டு, இரண்டும் சண்டை போடாமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. டேட்டாபேஸ் மெனுவில் எது முதலில் வர வேண்டும், இசையமைப்பாளரா வருஷமா என்பதைக்கூட ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் நாமே எழுதிக்கொள்ளலாம். காசு வாங்காதவர்கள் செய்திருக்கிறார்கள், நீங்கள் என்னிடம் காசு வாங்கியிருக்கிறீர்கள்.

நான் கேட்பது இதுதான். ஃபோல்டர் மெனுவைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது பழைய ஃபர்ம்வேருக்கே போக வழி சொல்லுங்கள். இசையமைப்பாளரும் ஆல்பம் ஆர்டிஸ்ட்டும் அடுத்த அப்டேட்டில் வரட்டும், காத்திருக்கிறேன். முதலில் சொன்னது நடக்காது என்றால் பிளேயரை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். பெட்டியில் போட்ட வசதியை விற்ற பிறகு பிடுங்குவது சரியா என்று 1915-க்கு போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் கேட்கவும், அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் எனக்குத் தயக்கம் இல்லை. பதினைந்து நாள் பார்ப்பேன்.

பில், பெட்டியின் போட்டோ, ஒரே படம் ஐந்து முறை நிற்கிற திரையின் போட்டோ மூன்றையும் இணைத்திருக்கிறேன். ரீசெட் செய்யச் சொல்லி மட்டும் பதில் போடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், திருநெல்வேலி