நாலரை மணி முதல் ஏழரை மணி வரை: நம்மூர் மாலைப் படிப்பகத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

போன வருடம் மாசியில் ஒரே வாரத்தில் நம்மூர் வயல்வெளியில் நாலு போர்செட்டில் ஒயர் அறுபட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சுடுகாட்டுக்குப் பின்னால் ரப்பரை எரித்துச் செம்பை மட்டும் உருவியிருந்தார்கள். பழைய இரும்புக் கடையில் அதற்குக் கிடைத்தது ஆயிரத்துச் சொச்சம். புது ஒயர் இழுக்க ஒவ்வொரு விவசாயிக்கும் ஐயாயிரத்துக்கு மேல் ஆயிற்று. அதில் ஒரு போர்செட் எனக்குச் சொந்தமானது.

செய்தது மூன்று பையன்கள். பதினைந்து, பதினாறு வயது. பெயரை எழுத மாட்டேன். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, இப்படிப்பட்ட பிள்ளைகளை அடையாளம் காட்டக் கூடாது என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். நம் கண் முன்னால் வளர்ந்தவர்கள். ஒருவனுடைய அம்மா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் நடவுக் கூலியை விட்டுவிட்டுத் திருவாரூருக்குப் பஸ் ஏறுகிறார்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு அந்த மூவரும் பாமணியாற்று மதகின் மேல்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு போன், மூன்று தலை. பால் சொசைட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் நான் தினம் அவர்களைத் தாண்டித்தான் போனேன். "என்னடா தம்பி, சாப்டியா?" என்று ஒரு நாள் நின்று கேட்டதில்லை. ஒயர் போனதைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்தக் குழு அந்த உறுத்தலில்தான் ஆரம்பித்தது.

நம்மூரில் நாலரைக்குப் பள்ளி விடுகிறது. வேன் ஏறி வெளியூர் நடவுக்குப் போன அம்மா வீடு திரும்ப ஆறரை ஆகிறது. மன்னார்குடி ஜவுளிக்கடைக்குப் போகிற அம்மாவென்றால் ஒன்பது மணி பஸ். அப்பா திருப்பூரில், அல்லது துபாயில், அல்லது வீட்டிலேயே இருந்தும் இல்லாத நிலையில். இடைப்பட்ட நேரத்தில் அந்தப் பிள்ளை யாருடைய பொறுப்பும் இல்லை. புகையிலைப் பொட்டலம் விற்கிறவனுக்கும், மாத்திரை கொண்டுவருகிறவனுக்கும் இந்த நேரம் நன்றாகத் தெரியும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் போதைப் பொருளோ புகையிலையோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் என்று அதே சட்டத்தின் 77ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் பற்றிப் புகார் எழுத வேண்டிய இடத்தில் எழுதியிருக்கிறோம். ஆனால் விற்கிறவனை விரட்டினால் மட்டும் பையன் வீட்டுக்குப் போய்விட மாட்டான். போக வேறு இடம் வேண்டும்.

இது நம்மூர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் காவல்துறைப் பதிவுகளை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். பள்ளி நாட்களில் சிறுவர்கள் செய்யும் வன்முறை பள்ளி விட்டதும் உச்சத்துக்குப் போகிறது. விடுமுறை நாட்களில் அந்த உச்சம் இரவுக்குத் தள்ளிப் போகிறது. சிகாகோவில் 2009–10 கல்வி ஆண்டில் ஒரு சோதனை நடந்தது. பள்ளியில் வாரம் ஒரு முறை ஒரு பெரியவரோடு வட்டமாக உட்கார்ந்து பேச்சு, பள்ளி விட்டபின் விளையாட்டு. அந்த ஆண்டு அதில் சேர்க்கப்பட்ட பையன்கள் வன்முறை வழக்குகளில் கைதாவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நிகழ்ச்சி முடிந்த பிறகும் படிப்பில் கிடைத்த பலன் நிலைத்தது. கைது விஷயத்தில் கிடைத்த பலன் நிலைக்கவில்லை. இந்தக் கடைசி வரியைக் குழுவில் நாங்கள் திரும்பத் திரும்பப் பேசினோம். ஆறு மாதம் நடத்திவிட்டு மூடுவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அங்கே செய்த ஒரு பயிற்சியை நாங்களும் செய்து பார்த்தோம். தை முதல் பிள்ளையார் கோயில் எதிர்த் திண்ணையில் சின்ன அளவில் கூடுகிறோம். முப்பது பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு நாள் பையன்களை இரண்டிரண்டு பேராக நிறுத்தி, ஒருவன் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, "முப்பது நொடியில் அவன் கையிலேர்ந்து வாங்கு" என்றோம். கையை முறுக்கினார்கள், புரண்டார்கள், ஒருவன் சட்டைப் பை கிழிந்தது. நேரம் முடிந்ததும் எங்கள் தம்பி கேட்டார்: "யாராவது குடுடான்னு கேட்டீங்களா?" ஒரே அமைதி. பந்தை வைத்திருந்தவன் சொன்னான்: "கேட்டிருந்தா குடுத்திருப்பேண்ணே." சட்டை கிழிந்தவன் ரொம்ப நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். வாட்ஸ்அப்பில் ஒருத்தன் வைத்த ஸ்டேட்டஸுக்காகத் தெருவுக்குத் தெரு அடிதடி ஆன ஊர் இது.

சரி, டியூஷன் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி நல்ல காரியம். ஆனால் தொடங்கியபோதே அது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். மதகில் உட்காருகிறவன் ஒன்பதும் பத்தும் படிக்கிறவன், படிப்பை விட்டவன். அவனைப் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கூப்பிட்டால் வரமாட்டான். சுண்டலுக்கு வருவான். 2023 ஆகஸ்டில் நம் டெல்டாவின் திருக்குவளையில் தொடங்கிவைத்து மாநிலம் முழுக்க விரிவான காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. மதியச் சத்துணவுக்குப் பிறகு பெரிய பையனுக்கு ராத்திரி வரை ஒன்றுமில்லை. ஐந்து மணிக்கு அவனுக்குப் பசி. பசியோடு இருப்பவனுக்குக் கோபம் சீக்கிரம் வரும். சாப்பிட்டதும் கபடி. கபடிக்குப் பேர்போன வடுவூர் பக்கத்தில் இருக்கிறது, ஆர்வத்துக்குக் குறைவில்லை. பெண் பிள்ளைகளுக்கும் பையன்களுக்கும் சிலம்பம். அப்புறம் வீட்டுப்பாடம், பேச்சு. ஏழரைக்கு முடியும்போது பெண் பிள்ளைகளைத் தெருவாரியாக வீட்டில் விட்டு வருவோம்.

இடம், ஊராட்சி நமக்கு ஒதுக்கித் தந்திருக்கும் பழைய படிப்பகம். நம் தாத்தாக்கள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்ட கட்டடம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அதன் ஓட்டைத் தூக்கிக்கொண்டு போனது. அதோடு கிடக்கிறது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் யாருடைய வாசலையும் தாண்டாமல் வந்து சேரக்கூடிய இடம் நம்மூரில் அது ஒன்றுதான். பாய் ஒன்று, பாத்திரம் ஒன்று. இதில் எந்த விட்டுக்கொடுத்தலும் கிடையாது.

"திருட்டுப் பயலோட எம் புள்ளையா ஒக்காரணும்?" என்று கேட்டவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம். ஆமாம், அந்த மூன்று பேரும் வருகிறார்கள். ஒருவன் சுண்டல் பரிமாறுகிறான், எண்ணி, யாருக்கும் கூடக் குறைய இல்லாமல். வெறுமனே பையன்களைக் கூட்டிவைத்துவிட்டு மேற்பார்வை இல்லாமல் விட்டால் கெட்ட பழக்கம்தான் பரவும் என்பது உண்மை. அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. அதனால்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் தவறாமல் வரும் இரண்டு பேர் வேண்டும் என்கிறோம். "நேத்து ஏன் வரலை?" என்று வீடு தேடிப் போய்க் கேட்க வேண்டிய ஆட்கள் அவர்கள். தொண்டர்கள் அறுவடை வந்தால் வயலுக்குப் போய்விடுவார்கள். குறை சொல்ல முடியாது, நானும் அப்படித்தான்.

செலவு இது. கூரை, பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிவறை, மைதான விளக்கு எல்லாம் சேர்த்து ஒரு முறைச் செலவு 2,60,000 ரூபாய். மாதச் செலவு 32,000: பொறுப்பாளர் இருவருக்கு 16,000, அறுபது பிள்ளைகளுக்குச் சுண்டல் 10,500, கபடி, சிலம்ப ஆசான்களுக்கு 4,000, கரண்ட், நோட்டு, மருந்துக்கு 1,500. ஆண்டுக்கு 3,84,000. ஆக முதல் ஆண்டுக்கு 6,44,000 ரூபாய் தேவை. இதுவரை 1,12,000 சேர்ந்திருக்கிறது.

கூரைக்குக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். டியூப் லைட்டில் "உபயம்" என்று பேர் போட்டுக் கொடுக்கவும் முன்வந்திருக்கிறார்கள், சந்தோஷமாக மாட்டுவோம். யாரும் தொடாமல் நிற்பது சம்பளம். அதில் பேர் எழுத இடமில்லை, ஒவ்வொரு மாதமும் தீர்ந்துபோகும். ஆகவே சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளிடம் குறிப்பாகக் கேட்கிறோம்: ஒரு தடவை பெரிய தொகை கொடுப்பதைவிட மாதம் 500 என்று ஓராண்டுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். அறுபத்து நாலு பேர் சேர்ந்தால் மாதச் செலவு முழுதுக்கும் ஈடாகிவிடும். ஊரில் இருப்பவர்கள் பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. சம்பா அறுப்புக்கு முன் பயறு தெளிக்கிறோமே, வீட்டுக்கு ஒரு மரக்கால் பயறு கொடுங்கள்.

பொறுப்பாளர்கள் இருவருக்கும் காவல் நிலையச் சரிபார்ப்பு முடிந்த பிறகே வேலை. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது என்பது விதி. குழந்தைகள் உதவிக்கான 1098 எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிவைப்போம். கொடுக்கிறவர்களுக்குப் பிள்ளைகளின் போட்டோ அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள், அனுப்ப மாட்டோம். நேரில் வந்து பாருங்கள், கூட உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுங்கள். குழு இன்னும் பதிவாகவில்லை என்பதால் வருமான வரி விலக்கு கிடைக்காது.

ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறியாக வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று வேலை தொடங்குகிறோம். பணம் எடுக்கத் தலைவர், பொருளாளர் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு வரவு செலவு படிப்பகச் சுவரில் ஒட்டப்படும். வங்கிக் கணக்கு விவரம் எண்ணிட்ட ரசீதுப் புத்தகத்தில் உள்ளது. எங்களில் யார் வந்து கேட்டாலும் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்,
மாலைப் படிப்பகக் குழுவுக்காக