மாலபே – கோட்டை இலகு ரயில்: மனுவில் கையொப்பமிட அழைப்பு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொழும்பின் புறநகரான மாலபேயிலிருந்து கொழும்பு கோட்டை வரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளத்தில், 16 நிலையங்களுடன் அமையவிருந்த இலகு ரயில் பாதைக்கு, 0.1 சதவீத வட்டியில் 40 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும் கடனுக்கான ஒப்பந்தம் 2019 மார்ச்சில் ஜப்பானுடன் கைச்சாத்திடப்பட்டும், மறு ஆண்டே அத்திட்டம் கைவிடப்பட்டது. அவ்வளவு குறைந்த வட்டி இனி எளிதில் கிடைக்காது என்பது வேதனைதான். ஆனால் தேவை குறையவில்லை. காலை ஏழரை மணிக்கு இராஜகிரியவில் 177ஆம் இலக்க பஸ்ஸின் மிதிபலகையில் ஒற்றைக் காலை ஊன்றி, மேம்பாலம் வந்த பின்னும் நகராத வாகன வரிசையைப் பார்த்து நிற்பவருக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. பொரளைப் பக்கம் வீதியை அகலமாக்க இடமுமில்லை. தூண்களின் மேல் செல்லும் இந்த இலகு ரயில் பாதையே வழி.

திட்டத்தை மீளத் தொடங்கக் கோரி போக்குவரத்து அமைச்சுக்கு அனுப்பவுள்ள மனுவில், காணி இழக்கும் குடும்பங்களுக்கு உரிய நட்டஈடு முன்கூட்டியே வழங்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துள்ளோம். அதனை விடுத்து ஆதரவு கேட்பது நியாயமன்று. ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு வாசிகசாலைக்கு வந்து கையொப்பமிடுங்கள். வர இயலாதோர் இக்குழுவிலேயே தெரிவித்தால், படிவத்தை வீட்டுக்கே கொண்டுவருவோம்.