பொன்னுக்கு வீங்கி: ஆண்களிடமும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

பொன்னுக்கு வீங்கி பரவுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில் குழந்தைகளைப் பற்றி மட்டுமே இருந்தது. வயதுக்கு வந்த ஆண்களுக்கு இது வந்தால் பத்தில் இரண்டு மூன்று பேருக்கு விரை வீங்கும், சிலருக்கு விந்தணு எண்ணிக்கையும் குறையும் என்பதை யாராவது சொல்ல வேண்டாமா? அம்மாபேட்டையில் தறி ஓட்டும் என் மைத்துனருக்கு 25 வயதில் வந்தது. கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு, வேப்பிலையை அரைத்துத் தடவினோம், கன்னம் வடிந்தது, சரி, போய்விட்டது என்று இருந்துவிட்டோம். அந்த வாரமே விரை வீங்கி நடக்க முடியாமல் கிடந்ததை வெட்கப்பட்டு அவர் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் கல்யாணமாகி நான்கு வருடம் குழந்தை இல்லை என்று அவர் மனைவியைத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய வைத்தோம். அவரைப் பரிசோதித்தது கடைசியில்தான்.

பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வீங்கும், முழு மலட்டுத்தன்மை அரிது, அதனால் யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் 2017இல் அரசு கொண்டுவந்த தட்டம்மை, ரூபெல்லா ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்குப் பாதுகாப்பு இல்லை. மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசியையே இலவசமாகப் போட வேண்டும். அதோடு, கன்னம் வீங்கி வரும் இளைஞர்களிடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரையில் வலி உண்டா என்று கேட்டு, இருந்தால் மூன்று மாதம் கழித்து விந்தணு பரிசோதனைக்கு வரச் சொல்லட்டும்.

– ஒரு வாசகர், சேலம்