பிறழ்சாட்சிகள்

அன்புள்ள அம்முவுக்கு,

படிக்கட்டில் கால் தவறி விழுந்ததாக நீ சொன்னதைப் பத்து நாள் நம்பினேன். பதினோராம் நாள் உன் தம்பி பேச்சுவாக்கில் பனிச்சறுக்கு என்று உளறிவிட்டான். அவனைத் திட்டாதே, அவனுக்குப் பொய் சொல்ல வராது. முட்டிக்குள் இருக்கிற ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்திருக்கிறது, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று என்பதையெல்லாம் அவனிடமிருந்துதான் கறந்தேன்.

அன்றைக்கே உனக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இனி ஜென்மத்துக்கும் அந்தப் பலகைகளைக் காலில் மாட்டாதே என்பதுதான் விஷயம். ஆனால் என்னவென்று தெரியாமல் வேண்டாம் என்றால் நீ காதில் போட்டுக்கொள்ள மாட்டாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சரி, முதலில் அது என்ன விளையாட்டு என்று பார்த்துவிடுவோம் என்று தேடினால், ஆஸ்திரியாவில் ஸால்பாக் என்ற ஊரில் ஆல்பைன் பனிச்சறுக்கு உலக சாம்பியன்ஷிப் ஆரம்பிக்க இருந்தது. 2025 பிப்ரவரி 4 முதல் 16 வரை. உனக்கு எதிராகச் சாட்சி சேர்க்கத்தான் டிவி முன்னால் உட்கார்ந்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் சாட்சி சுலபமாகக் கிடைத்தாள். அமெரிக்க வீராங்கனை லிண்ட்சி வான். 2013இல் இதே சாம்பியன்ஷிப் ஷ்லாட்மிங்கில் நடந்தபோது, சூப்பர்-ஜி என்ற வேகப் போட்டியை மூடுபனியால் மூன்றரை மணி நேரம் தள்ளிவைத்து நடத்தினார்கள். ஒரு தாவலில் இறங்கும்போது முட்டி மடங்கி உருண்டாள். உனக்குக் கிழிந்த அதே ஏசிஎல்லோடு பக்கவாட்டுத் தசைநாரும் கிழிந்து, கீழே எலும்பும் உடைந்தது. பழைய வீடியோவைத் தேடிப் பார்த்தேன். அவள் அலறும் சத்தத்தைக் கேட்டு உன் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். இது போதும், இதை அனுப்பினாலே நீ அடங்கிவிடுவாய் என்று நினைத்தேன்.

ஆனால் அதே வான் இப்போது ஸால்பாக்கிலும் வந்து நிற்கிறாள்! வயது 40. 2019இல் ஸ்வீடனில் நடந்த சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றவள். 2024இல் வலது முட்டியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்துக்கொண்டு திரும்ப வந்திருக்கிறாள். சூப்பர்-ஜியில் கேட் என்கிற வழிக்கம்பத்தில் கை மாட்டிப் பாதியில் நின்றுவிட்டாள். எல்லாவற்றிலும் வேகமான பந்தயமான டவுன்ஹில்லில் 15ஆவது. பிறழ்சாட்சி என்று பேப்பரில் போடுவார்களே, அது இதுதான்.

அடுத்த சாட்சியும் அப்படியே. அமெரிக்காவின் பிரீஸி ஜான்சன், முட்டியில் அடிபட்டு 2022 ஒலிம்பிக்ஸையே விட்டவள். அதுவரை உலகக் கோப்பையில், அதாவது பருவம் முழுக்க ஊர் ஊராக நடக்கும் தொடரில், ஒரு பந்தயத்தில்கூட ஜெயித்ததில்லை. பிப்ரவரி 8ஆம் தேதி பெண்கள் டவுன்ஹில்லில் முதல் ஆளாகக் கிளம்பினாள். முதலில் போனால் பின்னால் வருகிற ஒவ்வொருத்தியையும் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தை யாராலும் முந்த முடியவில்லை. தங்கம். எனக்கு அவள் சறுக்கியதைவிட அந்தக் காத்திருப்புதான் கண்ணில் நிற்கிறது. உன் பரீட்சை முடிவுகளுக்கு நான் அப்படி நின்றிருக்கிறேன்.

அப்புறம்தான் ஒரு கேள்வி வந்தது. இவர்கள் எல்லோருக்கும் ஏன் முட்டியே போகிறது? அதையும் தேடிப் பார்த்தேன், உன் தலையெழுத்து என்று விட்டுவிட முடியவில்லை. அந்த பூட்ஸ் கெண்டைக்கால் வரை கல் மாதிரி இறுக்கமாம். முன்பெல்லாம் கணுக்காலும் கீழ்க்கால் எலும்பும்தான் உடையுமாம். பூட்ஸ் இறுகி, அதைப் பலகையோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கும் சீரானதும் அவை பிழைத்தன, முறுக்கு மேலே ஏறி முட்டிக்கு வந்துவிட்டது. பைண்டிங்கின் முன்பக்கம் கால் முறுகினால் விடும், குதிகால் பக்கம் மேலே தூக்கினால் விடும். ஆனால் நீ பின்பக்கமாக உட்கார்ந்தாற்போல் விழுந்து, பலகையின் வால்முனை பனியைக் கவ்விக்கொண்டால் அதற்கு ஒன்றும் தெரியாது, பிடித்த பிடியிலேயே இருக்கும். பலகை உள்ளே திரும்பும், முட்டி அதோடு போகும். நீ அப்படித்தான் விழுந்தாயா? தம்பியிடம் கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை.

2024-25 பருவத்திலிருந்து டவுன்ஹில், சூப்பர்-ஜி இரண்டுக்கும் உடைக்குள் ஏர்பேக் கட்டாயம். விழப்போகிறார்கள் என்று சென்சார் கண்டுபிடித்ததும் படக்கென்று ஊதிக்கொள்கிறது. நெஞ்சுக்கும் முதுகுக்கும் காவல். முட்டிக்கு ஒன்றுமில்லை. யாராவது அதற்கும் ஒன்று செய்யக் கூடாதா?

நடுவில் உன் அப்பாவும் சேர்ந்துகொண்டார். அவருக்கு வேகம் இருந்தால் போதும். 2005இல் பொர்மியோவில் போடி மில்லர் என்பவனுக்கு டவுன்ஹில்லில் ஒரு பலகை கழன்றுவிட்டது, அதற்குப் பிறகும் வெகுதூரம் ஒற்றைக் காலில் சறுக்கிக்கொண்டே வந்தான். அதை அப்பா நாலு தரம் போட்டுப் பார்த்து, "என்ன பேலன்ஸ் பார்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. கழன்றால் நிற்க வேண்டியதுதானே? எனக்குப் பிடித்தது வேறொன்று. 1931இல் ஸ்விட்சர்லாந்தில் முர்ரன் என்ற ஊரில் முதல் சாம்பியன்ஷிப் நடந்தபோதே பெண்களுக்கும் போட்டி வைத்திருக்கிறார்கள். எஸ்மே மெக்கின்னன் என்ற பிரிட்டன் பெண் டவுன்ஹில், கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் இரண்டையும் ஜெயித்தாள். ஒலிம்பிக்ஸில் பெண்களுக்குத் தனி டவுன்ஹில் பதக்கம் வந்தது 1948இல்தான். இதைச் சொன்னதும் அப்பா வாயை மூடிக்கொண்டார்.

இனி நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். மிக்கேலா ஷிஃப்ரின், இவளும் அமெரிக்கா. வான் விழுந்த அதே ஷ்லாட்மிங்கில் 17 வயதில் ஸ்லாலம் தங்கம் வாங்கியவள். இந்தத் தடவை அவள் வந்த கதை வேறு. 2024 நவம்பர் 30ஆம் தேதி, அமெரிக்காவின் கில்லிங்டனில் ஜயன்ட் ஸ்லாலம், கம்பங்கள் தள்ளித் தள்ளி நிற்கிற, வேகம் கூடின ஸ்லாலம். முதல் சுற்றில் அவள்தான் முன்னணி, ஜெயித்தால் உலகக் கோப்பையில் நூறாவது வெற்றி. இரண்டாவது சுற்றில் விழுந்து உருண்டாள். வயிற்றில் ஆழமாகக் குத்துக்காயம், தசை கிழிந்தது, டிசம்பரில் ஆபரேஷன். ஜனவரி கடைசியில்தான் ஸ்லாலத்தில் திரும்ப இறங்கினாள்.

ஜயன்ட் ஸ்லாலத்தில் அப்போது உலக சாம்பியன் அவள்தான், 2023இல் வென்றது. ஆனால் ஸால்பாக்கில் அதில் இறங்கப் போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். உடம்பு ஆறிவிட்டாலும் மனசு ஆறவில்லை, அந்த வேகத்தில் அந்தச் சரிவில் பயம் வருகிறது என்று ஒளிக்காமல் சொன்னாள். யோசித்துப் பார். 99 வெற்றி கையில் இருக்கிறவள், பட்டம் தன்னிடம் இருக்கிறது, உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. முட்டி வலி, வயிற்று வலி என்று ஏதாவது சாக்குச் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தத் தங்கம் ஃபெடரிகா பிரின்யோனேவுக்குப் போயிற்று. இத்தாலிக்காரி, 34 வயது.

அதற்கு இரண்டு நாள் முன்னால், பிப்ரவரி 11, டீம் கம்பைண்ட். சாம்பியன்ஷிப்பில் இது முதல் தடவை. ஒருத்தி காலையில் டவுன்ஹில் இறங்குவாள், இன்னொருத்தி பிற்பகலில் ஸ்லாலம், இரண்டு நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஷிஃப்ரினுக்கு ஜோடி யார் தெரியுமா, முட்டிக்காரி ஜான்சன்! காலையில் அவள் நாலாவதாக வந்தாள். பிற்பகலில் ஷிஃப்ரின் கம்பங்களுக்கு நடுவே இறங்கும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், உட்கார முடியவில்லை. இருவருக்கும் தங்கம். ஷிஃப்ரினுக்கு உலக சாம்பியன்ஷிப்பில் 15ஆவது பதக்கம். 1930களில் கிறிஸ்டல் கிரான்ஸ் என்ற ஜெர்மன் பெண் வாங்கிய கணக்கைத் தொட்டுவிட்டாள். நாலு நாள் கழித்துத் தனி ஸ்லாலத்தில் ஐந்தாவது. அதற்கும் அவள் முகம் ஒன்றும் சுருங்கவில்லை.

ஆக, சாட்சி சேர்க்க வந்தவள் வெறுங்கையோடு நிற்கிறேன். சறுக்காதே என்று இப்போது எழுத முடியவில்லை. சறுக்கு என்று எழுதவும் என் கை வராது, நான் உன் அம்மா. ஆபரேஷன் முடிந்து பிஸியோ ஆரம்பித்ததும், அடுத்த குளிர்காலத்துக்கு டிக்கெட் போட்டாயா என்று உன் கூட்டாளிகள் கேட்பார்கள். அவர்களுக்காகத் தேதி குறிக்காதே. முட்டி நேராக நீள வேண்டும், வற்றிப்போன தொடைத் தசை திரும்ப ஏற வேண்டும், ஒன்பது மாதமோ ஒரு வருடமோ, ஆகிறது ஆகட்டும். பிறகு சின்னச் சரிவு மட்டும் போதும் என்று தோன்றினால் சின்னச் சரிவு. பயமாக இருக்கிறது என்றால் பயமாக இருக்கிறது என்று எனக்குப் போன் பண்ணு. நான் அழுதது நீ விழுந்ததற்கு இல்லை அம்மு, அந்தப் படிக்கட்டுக்கு.

அடுத்த சாம்பியன்ஷிப் 2027இல், ஸ்விட்சர்லாந்தில் கிரான்ஸ்-மோன்டானாவில். அப்பா இப்போதே நாட்காட்டியைப் பார்க்கிறார்.

சனிக்கிழமை வீடியோ காலில் வரும்போது கேமராவை முதலில் காலுக்குக் காட்டு. வீக்கம் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க வேண்டும். உன் முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா