மைக் பிடித்த ஆட்டோ அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

வணக்கம்.

கொரோனாவுக்காக ராயபுரம் மண்டலத்தில் காய்ச்சல் முகாம் நடத்திய குழுவின் சார்பில் எழுதுகிறேன். ஜூன் மாதம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம் முகாமில் கூட்டம் குறைந்திருக்கிறது. மூச்சுவிட நேரம் கிடைத்ததும் முதலில் செய்யத் தோன்றியது இதுதான்.

வீடு வீடாக ஏறி இறங்கிய களப்பணியாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தவர்கள், கவச உடைக்குள் வியர்த்துக் கொட்ட, பரிசோதனைக்கு மாதிரி எடுத்த லேப் டெக்னீஷியன்கள், பள்ளியைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் எல்லோருக்கும் பெரிய கும்பிடு. ஒரே வரியில் அடக்கிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆட்டோ அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதிவு செய்த அறிவிப்பை ஓடவிட்டுத் தெருத்தெருவாகச் சுற்றினால் போதும், அவருக்கு அவ்வளவுதான் வேலை. முகாமுக்கு ஆள் வரவில்லை. ஒரு மத்தியானம் என்னிடம் வந்தார். "டாக்டரம்மா, காய்ச்சல்னு சொன்னா புடிச்சிட்டுப் போயிடுவாங்க, வாசல்ல தகரம் அடிச்சிடுவாங்கன்னு பயப்படுறாங்க. நீங்க என்னடான்னா அறிவிப்புல கை கழுவச் சொல்றீங்க!"

அப்புறம் அவரே மைக்கை வாங்கிக்கொண்டார். தண்ணி லாரி நிற்கும் இடமாகப் பார்த்து இன்ஜினை அணைப்பார். முகாம் எந்தப் பள்ளியில், எத்தனை மணி வரை, விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்ப்பார்கள், மாத்திரைக்குக் காசு கிடையாது. பாசிட்டிவ் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் மறைக்க மாட்டார். தெரியாததைக் கேட்டால் "விசாரிச்சிட்டு வந்து சொல்றேன்க்கா" என்பார். உடனே எனக்கு போன் வரும். பதிலோடு அதே தெருவுக்குத் திரும்பப் போவார். அந்தச் சுற்றுக்கு அவர் காசு வாங்கியதில்லை.

1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. ஆனாலும் நோய் வந்த பிறகுதான் தெருவோடு பேச ஆள் தேடுகிறோம். அக்டோபரில் மழை, கூடவே டெங்கு. அதுவும் காய்ச்சலாகத்தான் ஆரம்பிக்கும், ஜனங்கள் குழம்பத்தான் செய்வார்கள். எந்தத் தெருவில் யார் சொன்னால் கேட்பார்கள் என்ற பட்டியலை அதற்குள் தயார் செய்துவிடுவேன், இட்லிக்கடை அக்காவிலிருந்து மீன் ஏலம் விடுபவர் வரை. வண்டி வாடகை தனி, பேசுவதற்குக் கூலி தனி என்று மேலதிகாரிகளுக்கு எழுதிக் கேட்டும் இருக்கிறேன்.

அண்ணே, அறிவிப்பு எழுத உட்காரும் முதல் கூட்டத்துக்கே உங்களைக் கூப்பிடுவோம். சவாரி இருக்கிறது என்று நழுவிவிடாதீர்கள்.

நன்றியுடன்,
நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருவர்
சென்னை, ஜூலை 2020